தீப்பிடிக்காத மெத்தையும் தவழும் பிள்ளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் 30 வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் நான். மகள் கலிபோர்னியாவிலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பியபோது, பெட்டிகளோடு ஒரு பிறை வடிவத் தலையணையும் வந்து இறங்கியது. பால் கொடுக்கும்போது இடுப்பைச் சுற்றி வைத்துக்கொள்வார்களாம். அவளுக்கு ஒரு தோழி கொடுத்தது. அந்தத் தோழிக்கு வேறு யாரோ கொடுத்தது. அடியில் தைத்திருந்த துணி லேபிளில் ‘கலிபோர்னியா டிபி 117 விதிப்படி செய்யப்பட்டது’ என்று போட்டிருந்தது. ஃபோம் எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று அங்கே போட்ட விதி அது. அதை மகளுக்கு விளக்கப் போக, பக்கத்து வீட்டு மதினி கேட்டார். அவர் சொல்லி வண்ணார்பேட்டையில் இருக்கும் அவர் தங்கை கேட்டார். இப்போது வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தீத்தடுப்பு வேதிப்பொருள் என்றால் என்ன? மெத்தையில் அதற்கு என்ன வேலை?

ஃபோம் தொட்டால் பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பாலியூரித்தேன். நன்றாகத் தீப்பிடித்துவிட்டால் சில நிமிஷங்களில் அறை முழுக்க எரியும். அதைத் தாமதப்படுத்த புரோமின், குளோரின், பாஸ்பரஸ் இவற்றில் ஒன்றைக் கொண்ட சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். தீ எரிவது ஒரு சங்கிலி வினை. சூட்டில் வெளிவரும் புரோமின் அந்தச் சங்கிலியின் கண்ணிகளைப் பிடித்து அறுக்கிறது. பாடம் அவ்வளவுதான், அழகான பாடம்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோமில் போடும் இந்தப் பொருள்கள் பெரும்பாலும் அதோடு வேதிப்பிணைப்பில் சேருவதில்லை, சும்மா கலந்துதான் கிடக்கின்றன. பொரியில் கடலை கலந்த மாதிரி. குலுக்கினால் கடலை அடியில் இறங்கிவிடும். அமெரிக்கப் பழைய சோபா ஃபோம்களில் எடையில் நூற்றுக்கு 5 பங்கு வரைக்கும் இது இருந்தது. உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே வரும். வந்தது வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும்.

தீயைத் தடுப்பது நல்ல காரியம்தானே? அதில் என்ன குறை சார்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

லேபிளில் பார்த்த டிபி 117 கலிபோர்னியாவில் 1975-இல் வந்த விதி. உறையில்லாத வெறும் ஃபோம் ஒரு சின்னச் சுடரை 12 வினாடி தாங்க வேண்டும் என்றது. கலிபோர்னியா பெரிய சந்தை என்பதால், அங்கே விற்பதற்காகவே நிறைய நிறுவனங்கள் எல்லா ஊருக்குமான சரக்கிலும் அந்தப் பொருளைக் கலந்தன. ஆனால் வீட்டில் யாரும் வெறும் ஃபோமைப் போட்டு உட்காருவதில்லை. மேலே துணி இருக்கிறது. முதலில் துணிதான் பற்றும், அது பற்றி எரியும்போது ஃபோமுக்கு வந்து சேர்வது சின்னச் சுடர் இல்லை, பெரிய தீ. அதன் முன்னால் இந்தக் கலவை அதிகம் தாக்குப்பிடிப்பதில்லை. அதோடு தீயை அரைகுறையாக எரிய வைப்பதால் கார்பன் மோனாக்சைடும் கரிப்புகையும் கூடுகின்றன. தீ விபத்துகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுடர் இல்லை, புகை.

இப்படி ஒரு விதி எப்படி இத்தனை காலம் நிலைத்தது? அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் சோபா பற்றியதற்கு முக்கியக் காரணம், கையில் சிகரெட்டோடு தூங்கிப்போனவர்கள். தானாக அணையும் சிகரெட் செய்யுங்கள் என்ற நெருக்கடி புகையிலை நிறுவனங்களுக்கு வந்தது. அவர்கள் கவனத்தைச் சோபாவின் பக்கம் திருப்பிவிட்டார்கள். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை 2012-இல் இதையெல்லாம் தோண்டி எடுத்து வெளியிட்டது. ‘தீப் பாதுகாப்புக்கான குடிமக்கள்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு இயங்கியது. அதில் உறுப்பினர் மூன்றே மூன்று பேர், மூன்றும் இந்த வேதிப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்கள். அவர்கள் பக்கம் சாட்சி சொன்ன ஒரு தீக்காய மருத்துவர், தலையணை பற்றி எரிந்து இறந்துபோன கைக்குழந்தையின் கதையைச் சட்டசபை உறுப்பினர்கள் முன்னால் உருக்கமாகச் சொன்னார். அவர் சொன்ன மாதிரி ஒரு குழந்தையே இல்லை என்று பின்னால் தெரிந்தது. வில்லுப்பாட்டில்கூட இவ்வளவு கட்டிச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் 2013-இல் விதியை மாற்றி எழுதினார்கள். வெறும் ஃபோமைச் சுடரில் காட்டும் சோதனை போனது. மேல் துணி கனன்று பற்றுகிறதா என்ற சோதனை வந்தது. வேதிப்பொருள் எதுவும் இல்லாமலே அதில் தேறலாம். 2015 ஜனவரி முதல் அது கட்டாயம்.

எல்லா இடத்திலும் இது வேண்டாத பொருள் என்றும் நான் சொல்லவில்லை. மின்சுற்றுப் பலகைக்கும் விமான இருக்கைக்கும் தீத்தடுப்பு தேவை. பால் குடிக்கிற பிள்ளையின் தலையணைக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

உடம்புக்குள் எப்படிப் போகிறது?

தூசி வழியாக, பெரும்பாலும். பெரியவர்கள் மூச்சில் கொஞ்சம், சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம். தவழும் பிள்ளைக்குத் தரைதான் உலகம். கையைத் தரையில் தேய்க்கும், அதே கையை வாயில் வைக்கும். அதனால்தான் ஒரே வீட்டில் தாயைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் அளவு அதிகமாக இருப்பதை ஆய்வுகளில் கண்டார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு விஷயமும் பொருந்தும். சூடு ஏற ஏற இவை வேகமாக வெளியேறும். 2024-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 101 கார்களின் உட்புறக் காற்றைப் பார்த்தார்கள். 99 சதவீதத்தில் டிசிஐபிபி என்ற பாஸ்பரஸ்–குளோரின் சேர்மம் இருந்தது, வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. நம் அக்னி நட்சத்திரத்தில், ஜங்ஷன் பக்கம் மரநிழல்கூட இல்லாமல் நிற்கும் காரை யோசித்துப் பாருங்கள். ஏறியதும் கண்ணாடியை இறக்கி ரெண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

உடம்பை என்ன செய்யும்?

பிபிடிஇ என்ற புரோமின் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் தெரியும். தைராய்டு சுரப்பி செய்யும் தைராக்சினில் அயோடின் இருக்கிறது. தனிம அட்டவணையில் புரோமினும் அயோடினும் ஒரே தொகுதியில் மேலும் கீழும் இருப்பவை. பிபிடிஇ மூலக்கூறின் அமைப்பும் தைராக்சினைப் போலவே. உடம்பு ஏமாந்துவிடுகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும்; கர்ப்பிணிகளுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவதும் அதற்காகத்தான். பேறுகாலத்தில் தாயின் உடம்பில் பிபிடிஇ அதிகமிருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கவனமும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘இந்தப் பிள்ளைக்கு இதனால்தான்’ என்று ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது. ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் தெரிகிற வித்தியாசம் அது.

டிரிஸ் என்ற பாஸ்பரஸ் வகை (அதோடு புரோமினோ குளோரினோ சேர்ந்திருக்கும்) வேறு. அதில் புற்றுநோய்க் கவலை. ஆனால் அது உடம்பில் நிறைய நாள் தங்காது, சில நாளில் வெளியேறிவிடும். அதாவது, வருகிற வழியை அடைத்தால் அளவு உடனே குறையும். பிபிடிஇ அப்படியில்லை, கொழுப்பில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் தாய்ப்பாலிலும் வருமே, கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு ஒரு பெண் பாலை நிறுத்தப் பார்த்ததால் தனியாக எழுதுகிறேன். தாய்ப்பாலில் இருக்கும் நன்மைக்கு முன்னால் இது சின்னது. எந்த மருத்துவரும் இதற்காகப் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, பிபிடிஇ அளவு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டித்திருந்தது. அந்தக் கண்டுபிடிப்புதான் உலகத்தை உலுக்கியது. பயன்பாட்டைக் குறைத்ததும் அளவும் இறங்கியது. ஆக, திருத்த வேண்டியது மெத்தையை. தாயை இல்லை.

இதையெல்லாம் எப்போதோ தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேனே?

தடை செய்தார்கள்தான். ஒவ்வொன்றாக. அதுதான் கோளாறு.

1970-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடுப்பில் புரோமின் கலந்த டிரிஸ் போட்டார்கள். ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1977-இல் சயன்ஸ் இதழில், இது மரபணுவை மாற்றும், புற்றுநோய் வரலாம் என்று எழுதினார்கள். அதே வருஷம் தடை வந்தது. (இந்த ஆர்லின் பிளம்தான் மறுவருஷம் பெண்கள் குழுவை அழைத்துக்கொண்டு அன்னபூர்ணா ஏறப் போனவர். சோதனைச்சாலையில் முடங்குகிற ஆள் இல்லை.) தடை வந்ததும் புரோமின் டிரிஸ் இருந்த இடத்தில் குளோரின் டிரிஸ் வந்து உட்கார்ந்தது. கேள்வி எழுந்ததும் அதுவும் உடுப்பை விட்டுப் போனது. கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 2011-இல் ஹெதர் ஸ்டேப்பிள்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் கார் இருக்கை, தலையணை, தொட்டில் மெத்தை என்று 101 குழந்தைப் பொருள்களின் ஃபோமைச் சோதித்தால், 80-இல் தீத்தடுப்பான். அதிகம் காணப்பட்டது அதே குளோரின் டிரிஸ். திருடனைக் கீழ ரத வீதியில் துரத்தினால் அவன் மேல ரத வீதி வழியாக வந்து அதே வீட்டில் நிற்கிறான்.

உலக அளவில், எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைத் தடுக்க ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இருக்கிறது. பென்டா, ஆக்டா வகை பிபிடிஇ 2009-இல் அதன் பட்டியலில் ஏறின. தெர்மாகோல் பலகையில் போடும் ஹெச்பிசிடி 2013-இல். டெக்கா வகை 2017-இல். டெக்குளோரேன் பிளஸ் என்ற குளோரின் தீத்தடுப்பான் 2023-இல். தேதிகளைப் பாருங்கள்: ஒவ்வொன்றையும் பிடிக்க வருஷக்கணக்கு. அதற்குள் அதன் தம்பி சந்தைக்கு வந்துவிடுகிறான். அதனால் ஆளைப் பார்த்துத் தடுக்காமல் குடும்பத்தையே தடுக்க வேண்டும் என்பது பிளம் போன்றவர்களின் வாதம். கலிபோர்னியா அதை ஓரளவு ஏற்றது. 2020 முதல் குழந்தைப் பொருள், மெத்தை, சோபா இவற்றின் ஃபோமில் தீத்தடுப்பான் எந்தப் பெயரில் இருந்தாலும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. எனக்குத் தெரிந்து உருப்படியான வழி அது ஒன்றுதான்.

இந்தியாவில் என்ன சட்டம்?

ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006-இல் ஏற்றது. ஆனால் பட்டியலில் புதிதாகச் சேர்வது எதுவும் நாம் தனியாக ஒப்புக்கொண்டால்தான் நமக்குப் பொருந்தும். 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட விதி ஏழு வேதிப்பொருள்களின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, பயன்பாடு எல்லாவற்றையும் தடுத்தது. ஏழில் பென்டா, ஆக்டா பிபிடிஇ, ஹெச்பிசிடி, பழைய ஹெக்சாபுரோமோபைபீனைல் ஆகியவை தீத்தடுப்பான்கள். அந்தப் பட்டியலில் டெக்கா இல்லை.

மின்னணுப் பொருள்களுக்கு மின்கழிவு விதி இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 2022-ஆம் ஆண்டு விதி, 2023 ஏப்ரல் முதல் அமலில். புது டிவி, கணினி, செல்போன் இவற்றின் பாகங்களில் பிபிடிஇ 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்தச் சோதனையின் கவனம் ஈயம் போன்ற உலோகங்கள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்கள், கூர்முனை, எளிதில் பற்றுவது ஆகியவற்றில். ஆகவே முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் புரோமின் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது.

வீட்டு மெத்தைக்கும் குழந்தைப் பொருளுக்கும் குடும்பத்தோடு தடுக்கும் விதி நம்மிடம் இல்லை. ‘டிபி 117’ மாதிரி ஒரு கெட்ட விதியும் நம் வீட்டு மெத்தைக்கு இருந்ததில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

நாங்கள் பத்தமடைப் பாயிலும் இலவம்பஞ்சு மெத்தையிலும் படுக்கிறவர்கள். எங்களுக்கு என்ன?

பாதிக் கவலை குறைவு. கோரைக்கும் பஞ்சுக்கும் யாரும் புரோமின் போடுவதில்லை. ஆனால் வீட்டில் டிவி இருக்கிறது, ஒயர் இருக்கிறது, ரெக்ஸின் போட்ட நாற்காலி இருக்கிறது. பிவிசி ஒயரிலும் ரெக்ஸினிலும் குளோரின் ஏற்றிய பாராஃபின் வரும், அதுவும் ஒரு தீத்தடுப்பான்தான். அதில் குறுஞ்சங்கிலி வகை 2017-இலும் நடுச்சங்கிலி வகை 2025-இலும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் ஏறின. நம் நாட்டில் அது நிறையவே தயாராகிறது. பிள்ளை ஒயரைச் சப்புவதைப் பார்த்தால் ஷாக்குக்கு மட்டுமில்லை, இதற்கும் பயப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் பொம்மை, கரண்டி எல்லாம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அதில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் கணக்குப் பிழை. நிஜமாகவே கணக்குப் பிழை.

பழைய டிவி, கணினிக் கூடுகளில் டெக்கா இருக்கும். அவற்றை உருக்கி மறுபடி பிளாஸ்டிக் ஆக்கும்போது கறுப்புச் சாயம் போட்டால்தான் நிறம் ஒன்றாக வரும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் கனசதுரப் புதிர், பொம்மைத் துப்பாக்கி, தலைவாரும் சீப்பு எல்லாம் செய்கிறார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் வாங்கிச் சோதித்த பொம்மைகளில் பிபிடிஇ கிடைத்திருக்கிறது. பொம்மைக்குத் தீத்தடுப்பு வேண்டும் என்று யாரும் சேர்க்கவில்லை. குப்பையோடு கூடவே வந்தது.

2024-இல் வந்த ஓர் ஆய்வு, கறுப்புக் கரண்டியால் உடம்புக்குள் போகும் அளவு பாதுகாப்பு வரம்பைத் தொட்டுவிடும் என்கிற மாதிரி எழுதிவிட்டது. உலகம் முழுக்கக் கரண்டிகள் குப்பைக்குப் போயின. பிறகு பார்த்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 7,000 நானோகிராம் என்ற வரம்பை 60 கிலோ ஆளுக்குப் பெருக்கினால் 4,20,000. அவர்கள் 42,000 என்று போட்டிருந்தார்கள். ஒரு சைபர் போச்சு. உண்மையில் வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் வகுப்பில் இதற்கு முட்டியில் ஒரு தட்டு விழுந்திருக்கும். ஆனாலும் கரண்டியில் அந்தப் பொருள் இருந்தது என்ற கண்டுபிடிப்பு தப்பில்லை. அதனால் பதறாமல், கொதிக்கிற எண்ணெயில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியைப் போடாமல் இருங்கள். நம் வீட்டில் எவர்சில்வர் கரண்டிக்குப் பஞ்சமா?

பொம்மைக்கு நான் சொல்வது: ஆனித் திருவிழாக் கடையில் முத்திரையில்லாத, வாடை அடிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் பொம்மையை வாய்வைக்கும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வாங்கிக் கொடுங்கள். பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது, அதனால் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். சாயம் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

பழைய டிவியை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்புக்காக ஒயரை எரிப்பவர்கள் கைக்குப் போகலாம். புரோமின் கலந்த பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால் டயாக்சின், ஃபியூரான் வகைகள் வரும், மூலப்பொருளைவிட மோசமானவை. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ, பழையதை எடுத்துக்கொண்டு புதியது தரும் கடையிலோ கொடுங்கள். நூறு இருநூறு குறைவாகத்தான் கிடைக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கார் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடவா?

கூடாது. அமெரிக்காவில் கார் சீட்டுக்குத் தீச்சோதனை கட்டாயம் என்பதால் பலவற்றில் இந்தப் பொருள் இருந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் நாலு வழிச் சாலையில் பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. வண்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து அதில் தூங்க வைக்காதீர்கள்.

மெத்தைக் கடையில் என்ன கேட்க வேண்டும்?

நான் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். “இதில் தீத்தடுப்பு கெமிக்கல் இருக்கா?” என்றதும் விற்பனைப் பையன் முகம் மலர்ந்து, “இருக்கு சார், ஃபுல் ஃபயர் ப்ரூஃப், கேரண்டி” என்றான். அடுத்த மெத்தையைக் காட்டி “இதில் இல்லாதது வேணும்” என்றேன். “அதுல இல்லவே இல்ல சார்” என்றான். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஃபோம். ஆகவே வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள்; பெரிய நிறுவனங்கள் பதில் போடும்.

ரீபாண்டட் ஃபோம் என்பது துண்டு ஃபோம்களை ஒட்டிச் செய்வது. எங்கிருந்து வந்த துண்டு என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு அது வேண்டாம். பஞ்சு, தென்னை நார், இயற்கை ரப்பர் நல்லது.

பஞ்சும் நாரும் தீப்பிடிக்குமே?

பிடிக்கும், சந்தேகமில்லை. அதனால் கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். வீட்டில் தீயைத் தடுக்கிற வேலையை மெத்தையிடம் விடக்கூடாது. கேஸ் டியூப் வெடித்திருக்கிறதா பாருங்கள். கசிவு என்றால் 1906, தீ என்றால் 101. ஒரே பிளக்கில் மூன்று பொருளைச் செருகாதீர்கள். சமைக்கும்போதும் தீபாவளிக்கு மத்தாப்பு பிடிக்கும்போதும் நைலான் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். பருத்தியும் எரியும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது.

இன்றைக்கே செய்யக்கூடியது எது?

ஈரத்துணி போட்டுத் துடைப்பது. விளக்குமாறால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி அதே இடத்தில் இறங்கும். சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். அடிக்கடி கை கழுவியவர்களின் உடம்பில் அளவு குறைந்ததைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உறை கிழிந்து ஃபோம் உதிரும் தலையணையைத் தைத்துப் போட்டு வைத்துக்கொள்ளாமல் அப்புறப்படுத்துங்கள். எங்கள் ஆச்சி காலையில் வாசலையும் திண்ணையையும் ஈரத்துணியால் மெழுகுவதைச் சின்ன வயதில் வெட்டி வேலை என்று நினைத்திருக்கிறேன்.

அந்தத் தலையணை என்ன ஆச்சு?

பரணில் இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. குப்பையில் போட்டால் எங்கே கொண்டுபோய்க் கொளுத்துவார்களோ என்று யோசனை. மின்கழிவு எடுக்க வந்தவரிடம் கேட்டேன். தலையணையெல்லாம் எடுப்பதில்லை என்று சிரித்துவிட்டுப் போனார். பரணைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் “இத என்னதான் செய்யப் போறீங்க?” என்று வீட்டில் கேட்கிறாள். எங்கே ஒப்படைக்கலாம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.